நட்பு, காதல், தனிமை: மதுரைக் கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வகுப்பாசிரியராக இருக்கிறேன். பொறுப்பில் உள்ள மாணவர்களை அவ்வப்போது தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். வருகைப் பதிவு, அரியர் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "சார், இன்னொண்ணு கேக்கலாமா?" என்பார்கள். அந்த இன்னொன்றுகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"காலேஜ் சேர்ந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. ஃபிரெண்டுன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்ல. என்கிட்டதான் ஏதோ குறையா சார்?"

இரண்டு மாதம் குறைவான காலம்தான். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஊர் மாறி வந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்துக் கணக்கெடுத்தார். தெரிந்த முகம் ஒன்று சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. வகுப்பிலோ வேலையிலோ ஒன்றாக இருந்த நேரத்தால் நெருக்கம் பெரிதாகக் கூடவில்லை. வேலையில்லாமல் சேர்ந்து பொழுதைக் கழித்த நேரம்தான் கணக்கில் வந்தது.

ஆகவே காலையிலிருந்து மாலை வரை ஒரே அறையில் உட்கார்ந்தும் நண்பர் கிடைக்காததில் ஆச்சரியம் இல்லை. உங்கள் பள்ளி நண்பர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து கூட வந்தவர்கள். அவர்களோடு கழித்த மணி நேரத்தை யாரும் எண்ணி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"பேச்சை எங்க இருந்து ஆரம்பிக்கிறது? பக்கத்துல போய் நின்னா வாய் ஒட்டிக்குது."

சின்ன உதவி ஒன்றைக் கேளுங்கள். ரெக்கார்டு நோட்டு எங்கே வாங்கினீர்கள், இந்த மேடம் இன்டெர்னல் மார்க் எப்படிப் போடுவார், பெரியார் நிலையத்துக்கு எந்த பஸ் சீக்கிரம் வரும். பதில் சொல்ல எளிதாக இருந்தால் போதும். மறுநாள் அதையே சாக்காக வைத்து இன்னும் இரண்டு வார்த்தை பேசலாம். "உங்களுக்கு என்னென்ன பிடிக்கும்?" என்று பேட்டி எடுக்கத் தொடங்கினால் எதிரில் நிற்பவருக்கும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

பேசிவிட்டு வந்து "உளறிட்டமோ" என்று ராத்திரி முழுக்க யோசிப்பவர்களுக்கு ஒரு செய்தி. எரிகா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். "அவருக்கு என்னை இவ்வளவுதான் பிடித்திருக்கும்" என்று ஆளாளுக்கு நினைத்த அளவு, உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. நீங்களும் உங்களுக்கு அப்படித்தான் குறைத்து மார்க் போட்டுக்கொள்கிறீர்கள்.

"நான் உசிலம்பட்டி பக்கம் இருந்து வர்றேன். மணி அடிச்சதும் பஸ்ஸுக்கு ஓடணும். ஹாஸ்டல் பசங்க மாதிரி அங்கிட்டு இங்கிட்டு சுத்த நமக்கு எங்க நேரம்?"

மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இந்தக் கேள்வி வருகிறது. பஸ் நேரத்தை வீண் என்று ஒதுக்க வேண்டாம். போக வர இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் முதல் பதிலில் சொன்ன 50 மணி நேரம் ஐந்தே வாரத்தில் சேர்ந்துவிடும். அதே பஸ்ஸில் வரும் வேறு துறைக்காரர், வேறு கல்லூரிக்காரர்கூட நண்பராகலாம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டால் மட்டும் இந்தக் கணக்கு ஓடாது.

இன்னொரு வழி என்எஸ்எஸ் என்ற நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, அது போக ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். சான்றிதழுக்காகச் சேருகிறவர்கள் உண்டு, இருக்கட்டும். ஊர்ப் பள்ளிக் கட்டடத்தில் வரிசையாகப் படுத்து, ஆளுக்கொரு வேலையாகச் சமையலுக்கு உதவி, கொசுக்கடியில் கதை பேசிய அந்த ஏழு நாளுக்கு இணையாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை. பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்கினால் திட்ட அலுவலரையே பெற்றோரிடம் பேசச் சொல்லுங்கள். சனிக்கிழமை வெளியே வர முடிந்தால் புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. காசு செலவில்லை. அங்கே போகிறேன் என்றால் வீட்டில் யாரும் வையமாட்டார்கள்.

"நான் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். கிளாஸ்ல பாதிப் பேர் இங்கிலீஷ்லயே பேசிக்கிறாங்க. கிட்டப் போகவே கூச்சமா இருக்கு."

பாதிப் பேர் என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள், சத்தமாகப் பேசும் ஆறேழு பேராக இருப்பார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு வந்து புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வாங்குகிறவர்கள் உங்கள் வகுப்பிலேயே எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேளுங்கள். உங்களைப் போலக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

அந்த ஆறேழு பேரிடம் தமிழிலேயே பேசுங்கள், பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர் இருந்தால், அவரை நண்பராக்கும் செலவு உங்களுக்கு மிச்சம்.

"தனியா உக்காந்து சாப்பிட்டா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

அவரவர் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். விரும்பித் தனியாக இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. கூட யாராவது இருக்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே தனியாக இருப்பதுதான் வலிக்கும். அப்படியானால் இரண்டாம் கேள்விக்குப் போங்கள்.

"அஞ்சு பேர் கேங். என்னை விட்டுட்டு நாலு பேருக்குத் தனி வாட்ஸ்அப் குரூப் இருக்கு. இத்தனை நாள் நடிச்சாங்களா?"

தெரியாது. உங்கள் பிறந்தநாளுக்கு கேக் வாங்கத் தொடங்கிய குரூப்பாகவும் இருக்கலாம், உங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதாகவும் இருக்கலாம். நால்வரில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம், நேரில், தனியாக, "எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, என்ன விஷயம்?" என்று கேட்டுவிடுங்கள். பொதுக் குரூப்பில் கேட்டால் நால்வரும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். ஸ்டேட்டஸில் பூடகமாகக் குத்தினால் சம்பந்தமில்லாத நாற்பது பேர் "யாரைச் சொல்ற?" என்று வருவார்கள். கேட்க வேண்டியவர் மட்டும் வரமாட்டார்.

கேட்ட பிறகும் மழுப்பினால் மெதுவாக நகரலாம், சண்டை போட்டுத்தான் விலக வேண்டும் என்பதில்லை. என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: முதல் செமஸ்டரிலேயே கேங்குக்குப் பெயர் வைத்து ஒரே நிறத்தில் சட்டை எடுக்கும் கூட்டங்கள் இரண்டாம் ஆண்டு வரை தாங்குவது அபூர்வம். எந்தக் கேங்கில் இருந்தாலும் அதற்கு வெளியே ஓரிருவரிடம் பழக்கத்தை விடாதீர்கள்.

"ஃபிரெண்டு அடிக்கடி ஜிபேல காசு கேக்குறான். இல்லைன்னா மூஞ்சியத் தூக்குறான். எப்படிச் சமாளிக்கிறது?"

திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையை மட்டும் கொடுங்கள். இல்லை என்றால் காரணம் அடுக்காமல் "இல்லடா" என்று முடித்துக்கொள்ளுங்கள். காரணம் சொன்னால் அதற்கு ஒரு மாற்று யோசனை வரும். பிறந்தநாள் ட்ரீட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசை ஒரே ராத்திரியில் பத்துப் பேருக்குப் பிரியாணியாக்கிவிட்டு அப்புறம் தேர்வுக் கட்டணத்துக்கு அலைய வேண்டாம். விளக்குத்தூணில் ஆளுக்கொரு ஜிகர்தண்டாவும் ட்ரீட்தான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நட்பு பார்க்கவே கூடாது. நண்பனுக்காக உங்கள் பெயரில் லோன் ஆப்பில் கடன் எடுப்பது ஒன்று. "உன் பேங்க் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்" என்பது இன்னொன்று. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் கணக்கை முடக்கி, போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் பெயரில் இருப்பவரைத்தான்.

"சீனியர்ங்க கூப்பிட்டுப் பாடச் சொல்றாங்க, ஆடச் சொல்றாங்க. ஜாலிக்குத்தான்னு சொல்றாங்க. இது ராகிங்கா?"

"முடியாதுண்ணா" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்களா, இல்லை அதன் பிறகு தனியாக வைத்துப் பழிவாங்குகிறார்களா? அதில் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 24 மணி நேர எண் 1800-180-5522. பெயரைச் சொல்லத் தயங்குவோருக்கும் அங்கே இடம் உண்டு.

நல்ல சீனியர்களும் நிறைய இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். பழைய வினாத்தாள், பஸ் பாஸ், எந்தக் கடையில் ஜெராக்ஸ் மலிவு என்பதெல்லாம் அவர்கள் வழியாகத்தான் கிடைக்கிறது.

"பேர் கேட்டதும் அடுத்த கேள்வி 'எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தத் தெரு?' எதுக்குக் கேக்குறாங்கன்னு தெரியுது. என்ன சொல்ல?"

தெருவைக் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். அதைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "மதுரைப் பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு அவரிடம் வேறு ஏதாவது கேளுங்கள். இரண்டாம் முறையும் தோண்டினால் "அது எதுக்குண்ணே?" என்று நேராகக் கேட்கலாம். பதில் இருக்காது.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம், பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர், செப்டம்பர், அக்டோபரில் தலைவர்களின் நினைவு நாள்களும் குருபூஜையும் வரும்போது போடும் ஸ்டேட்டஸ், எல்லாமே ஒரு சாதி அறிவிப்பு. பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. பள்ளியில் கட்டிய கயிறு கல்லூரிக்கும் கூடவே வருகிறது. "சொந்தக்காரப் பசங்க" என்று அந்தக் கூட்டம் முதல் வாரத்திலேயே அணைத்துக்கொள்ளும். தனியாக நிற்கும் பையனுக்கு அது பெரிய ஆறுதலாகத்தான் இருக்கும். முதல் சண்டை வரும்போதுதான் எதற்காக அணைத்தார்கள் என்று புரியும். அந்தச் சண்டை உங்களுடையதாகவும் இருக்காது, வழக்கில் மட்டும் உங்கள் பெயர் இருக்கும்.

சாதியைச் சொல்லி ஒதுக்குவதும் இழிவாகப் பேசுவதும் ராகிங்தான் என்று யுஜிசி 2016இல் விதியைத் திருத்தியது. போன கேள்வியில் கொடுத்த எண்ணே இதற்கும் பொருந்தும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

"பையனும் பொண்ணும் வெறும் ஃபிரெண்ட்ஸா இருக்க முடியாதா? சேர்ந்து நடந்தாலே கதை கட்டுறாங்க."

முடியும், இருக்கிறார்கள். கதை கட்டுவதை நிறுத்த முடியாது. அது இரண்டு வாரத்தில் அடுத்த ஜோடிக்குப் போய்விடும். நீங்கள் செய்யக்கூடியது, ஒளிந்து பழகாமல் இருப்பது. வீட்டில் அந்த நண்பரின் பெயரைச் சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் பெரிய கதை விட முடியாது. இருவரில் ஒருவருக்கு வேறு எண்ணம் வந்துவிட்டால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

"ப்ரபோஸ் பண்ணிட்டேன். முடியாதுன்னு சொல்லல, சிரிச்சிட்டுப் போயிட்டா. தொடர்ந்து முயற்சி பண்ணலாமா?"

ஒரு முறை மட்டும், தெளிவாக, "உனக்கு விருப்பம் இல்லைன்னா சொல்லிடு, இதோட விட்டுடுறேன்" என்று கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் அதுதான் பதில். பஸ் ஸ்டாப்பில் நிற்பது, தோழிகளிடம் தூது அனுப்புவது, கையைக் கிழித்துக்கொண்டு போட்டோ போடுவது எல்லாம் முயற்சி ஆகாது, மிரட்டல். விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தாலோ, இணையத்தில் அவர் நடமாட்டத்தைக் கண்காணித்தாலோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி முதல் முறையிலேயே மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான். 18 வயதுக்குக் கீழே இருந்தால், "ரெண்டு பேருக்கும் சம்மதம்" என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் முன் நிற்காது. இதைப் பையன்களிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் முகம் மாறுகிறது.

"என் ஆளு இன்ஸ்டா பாஸ்வேர்ட் கேக்குறான். நம்பிக்கை இருந்தா கொடுன்னு சொல்றான். லவ்னா அப்படித்தானே?"

நம்பிக்கை இருக்கிறவர் பாஸ்வேர்ட் கேட்க வேண்டியதே இல்லை. பாஸ்வேர்டோடு இது நிற்பதும் இல்லை. இந்த சுடிதார் போடாதே, அவளோடு பேசாதே, லொகேஷன் அனுப்பு, ஏன் ஆன்லைனில் இருந்தாய் என்று ஒவ்வொன்றாக வரும். முதலில் "பாசம்" என்று தோன்றும். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் பழைய தோழிகள் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். பெண்கள் பையன்களிடம் இதையே செய்வதும் உண்டு.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: சின்ன விஷயத்தில் ஒரு "முடியாது" சொல்லுங்கள். கோபம் ஒரு மணி நேரத்தில் தணிந்து பேச்சு வந்தால் சரி. அழுகை, மிரட்டல், கைநீட்டல் என்று போனால் உறவை விட்டு வெளியே வர வேண்டிய நேரம். 181 பெண்களுக்கான உதவி எண். கல்லூரிக்குள் யாரிடமிருந்து பாலியல் தொல்லை வந்தாலும் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆண் மாணவர்களும் திருநர்களும் பாதிக்கப்படலாம் என்று யுஜிசியின் 2015ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன.

"பழைய போட்டோ, வீடியோ காலை எல்லாம் வச்சு மிரட்டுறான். வீட்டுக்குத் தெரிஞ்சா செத்தேன்."

சாக வேண்டியதில்லை, மாட்டிக்கொள்ளப் போவது அவன். காசு கொடுக்காதீர்கள், "கடைசியா ஒரு தடவை" பார்க்கப் போகாதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். 18 வயது ஆனவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் படம் போனை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாக்கி, அதில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க உதவுகிறது.

வீட்டில் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அப்பாவிடம் முடியாவிட்டால் சித்தி, அக்கா, மாமா என்று ஒருவரைப் பிடியுங்கள். இங்கே மறைப்பதால்தான் மிரட்டுகிறவனுக்குப் பலம்.

"நாங்க வேற வேற சாதி. வீட்ல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஓடிப்போறதைத் தவிர வேற வழி இருக்கா?"

சட்டம் முதலில்: பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அதன் பிறகு யாரைக் கட்டுவது என்பது உங்கள் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2016லேயே, கலப்பு மணத் தம்பதிகளின் புகார்களைக் கவனிக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க உத்தரவிட்டது. உசிலம்பட்டிப் பெண் ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில் வந்த உத்தரவு அது. ஆபத்து கற்பனை இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என்னிடம் கேட்டால், டிகிரியும் ஒரு சம்பளமும் கையில் வரும் வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடப் பாருங்கள். "பிஜி படிக்கணும், பிஎட் படிக்கணும்" என்பது பல வீடுகளில் எடுபடும் காரணம். வீட்டில் பூட்டி வைப்பார்கள், அடிப்பார்கள் என்ற நிலை வந்துவிட்டால் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை. அப்போது நண்பர்களின் பைக்கை நம்பாமல் 181க்கோ காவல் துறைக்கோ முதலில் பேசுங்கள்.

"பிரேக்அப் ஆயிடுச்சு. அதே கிளாஸ்ல, எதிர் பெஞ்சுலயே உக்காந்திருக்கா. எப்படிப் படிக்கிறது?"

இடத்தை மாற்றுங்கள், நான்கு மாதம் இன்ஸ்டாவில் பார்க்காமல் இருங்கள், பொது நண்பர்களிடம் "அவ என்ன சொன்னா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். மூன்றாவதுதான் கடினம். சாயந்தரம் நேரே அறைக்குப் போகாமல் தெப்பக்குளத்தைச் சுற்றி நடங்கள், கூட ஒருவர் இருந்தால் நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியாக இல்லாமல் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால், கல்லூரி ஆலோசகரையோ கோரிப்பாளையம் பக்கம் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ பாருங்கள். 14416க்கும் பேசலாம். 2022இல் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. இலவசம், தமிழில் பேசுவார்கள்.

"என் ஃபிரெண்டு வாழவே பிடிக்கலன்னு சொல்றா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொன்னா நட்பு போயிடும்."

இந்தச் சத்தியத்தை மீறுங்கள். முதலில் அவளிடமே நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு நினைக்கிறியா?" கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. பெரும்பாலும் மனம் திறக்கத்தான் செய்கிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அன்றே வார்டன், வகுப்பாசிரியர், வீட்டில் ஒருவர் என்று பெரியவர் ஒருவரிடம் சொல்லி, அவளோடு சேர்ந்து 14416க்குப் பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108.

அவள் கோபப்படலாம், சில மாதம் பேசாமலும் இருக்கலாம். "போலீஸ் கேஸ் ஆகுமோ" என்று வீட்டார் பயந்தால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை, கவனிப்பும் சிகிச்சையும் கொடுக்கத்தான் சொல்கிறது என்று சொல்லுங்கள்.

"எல்லாரும் என்கிட்டதான் வந்து அழுவாங்க. எனக்கு ஒண்ணுன்னா கேக்க ஆள் இல்ல. ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் போன் வருது."

யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் "நல்லா இருக்கேன், நீ சொல்லு" என்று முடித்துவிடுகிற பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு முறை "இன்னிக்கு நான் சொல்றேன், நீ கேளு" என்று தொடங்கிப் பாருங்கள். சங்கடப்பட்டாலும் பலர் கேட்பார்கள். கேட்காதவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். பத்தரைக்கு மேல் எடுப்பதில்லை, உயிர் போகிற அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்கச் சொல்லுங்கள். போன கேள்வி மாதிரியான விஷயத்துக்கு மட்டும் அந்த இரண்டாவது மணி.